கூட வந்தவர்

இடது காதுக் கம்மல் தொட்டதும் கழன்று வந்துவிட்டது. வலது காதுதான் அடம்பிடித்தது. ஆஸ்பத்திரிக் குளியலறையின் சின்னக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, சோப்புத் தண்ணீரை விரல் நுனியில் தொட்டுத் தொட்டுத் தடவி, திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே மறந்துபோகும் அளவுக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். போட்டிருந்த பச்சை அங்கி தோளிலிருந்து வழிந்தது. நாடாக்களை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொள்கிறவளுக்குப் பின்னால் முடிச்சுப் போட ஒரு ஆள் நிற்கும் என்று தைத்தவர்கள் தீர்மானித்திருக்க வேண்டும். அவள் மேல் நாடாவை முன்கூட்டியே முடிச்சுப் போட்டுத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தாள். கீழ் நாடா எட்டவில்லை. விட்டுவிட்டாள்.

வெளியே நர்ஸ் கதவைத் தட்டினாள். "ஆச்சாம்மா? நகை, கண்ணாடி எல்லாத்தையும் கழட்டி கூட வந்தவங்ககிட்ட குடுத்துடுங்க."

"குடுத்துடறேன்."

கூட வந்தவங்க. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததிலிருந்து அந்த வார்த்தை அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வரவேற்பில் இருந்த பெண், ரத்த அழுத்தம் பார்த்தவர், மணிக்கட்டில் பட்டை கட்டிவிட்டவர் என்று எல்லோரும் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குப் பின்னால்தான் பார்த்தார்கள். வந்துடுவாங்க, வந்துட்டே இருக்காங்க, என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அது பொய்யாக இல்லை. அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள், கடையில் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுகிறவள், லீவு போட்டுவிட்டு வருவதாகத்தான் இருந்தது. துணி மாற்றக் கொடுத்த நேரத்தில் வாயாடியிடமிருந்து போன் வந்தது. மகன் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்துவிட்டான்.

"கை பொசுபொசுன்னு வீங்கிடுச்சுடி. எலும்பு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடறேன். நான் என்னடி பண்ணுவேன், சொல்லு."

"நீ அவனைப் பாரு. இங்க ஆளுங்க நிறைய இருக்காங்க."

அதுவும் பொய்யில்லை. ஆட்கள் நிறையத்தான் இருந்தார்கள். அறையின் இன்னொரு கட்டிலில் குடல்வால் எடுக்க வந்திருந்த கல்லூரிப் பெண்ணைச் சுற்றியே ஐந்தாறு பேர். அம்மா தலை பின்னிவிட்டாள், அத்தை பையை ஒழுங்குபடுத்தினாள், அப்பா சும்மா நின்றுகொண்டு ஜன்னல் திறக்குமா என்று பார்த்தார். சித்தப்பா ஒருவர் நகைச்சுவையாகப் பேசி அந்தப் பெண்ணைச் சிரிக்க வைக்க, சிரித்தால் வலிக்கிறது என்று அவள் அழுதாள். எல்லோரும் சேர்ந்து சித்தப்பாவைத் திட்டினார்கள். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் தூரத்து உறவைப்போல அவள் அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வலது கம்மலும் ஒருவழியாகக் கழன்றது. இரண்டையும் மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு, கண்ணாடியையும் கழற்றி அதன்மேல் வைத்து மூடினாள். பெட்டியைக் கட்டிலோரத்து இழுப்பறையில், போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். உடனே உலகம் நீரில் நனைந்த காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

கழுத்துக் கட்டியை முதலில் பார்த்தது அவளில்லை. கடையின் பின்பக்க இருட்டறையில், கண் பரிசோதிக்கும் இயந்திரத்தில் தாடையை வைத்து உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் ஒருவர். 'இதுல தெளிவா தெரியுதா, இல்ல இதுலயா' என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவள் வேலை. ஒரு வில்லையை எடுத்து இன்னொன்றை வைத்துக்கொண்டிருந்தபோது அவர், "கழுத்துல என்னம்மா, இந்தப் பக்கம் மட்டும் புடைச்சிருக்கு?" என்றார். அவ்வளவு பக்கத்தில் வேறு யாரும் அவளைப் பார்ப்பதில்லை என்பது அன்றைக்கு ராத்திரி கண்ணாடி முன்னால் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

தைராய்டில் பாதியை எடுக்க வேண்டும் என்றார் சர்ஜன். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியும். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. கொஞ்ச நாள் குரல் கரகரப்பாக இருக்கலாம். வெகு சிலருக்கு அந்தக் கரகரப்பு போகாமலே தங்கிவிடுவதும் உண்டு. அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துச் சத்தமாகப் படித்துப் பார்த்தாள். எங்கோ பாலம் கட்டுகிற செய்தி. தன் குரல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். நன்றாகவே இருந்தது. அந்த வீட்டில் அதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

அக்காவுக்குச் சொல்லாமல் இல்லை. அக்கா, பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளோடு தொலைவில் இருந்தாள். "நான் வேணா வரட்டுமா?" என்றாள். வரட்டுமா என்று கேட்கிறவர்களிடம் வா என்று சொல்ல முடியாது. "சின்ன ஆபரேஷன்தான்க்கா, நீ அவளைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டாள்.

மயக்க மருந்து டாக்டர் வந்து கட்டிலோரம் நின்றார். வாயைத் திறக்கச் சொன்னார், தலையை அண்ணாந்து பார்க்கச் சொன்னார், ஆடுகிற பல், கட்டின பல் ஏதாவது உண்டா என்று கேட்டார். ராத்திரிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையே என்று இரண்டு தடவை கேட்டார்.

"முன்னாடி மயக்க மருந்து வாங்கியிருக்கீங்களா?"

"ஒரு தடவை. இதே ஆஸ்பத்திரிலதான்."

"எதுக்கு?"

"கர்ப்பம் கலைஞ்சுபோச்சு. சுத்தம் பண்ணாங்க."

"அதுக்கப்புறம் குழந்தைங்க?"

"இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். "கூட யாரு இருக்காங்க?"

"காபி குடிக்கக் கீழ போயிருக்காங்க," என்றாள். இவ்வளவு சரளமாக வந்த பொய்யைக் கேட்டு அவளே கொஞ்சம் அசந்துபோனாள். பட்டினியாகக் கிடக்கும் தன்னை விட்டுவிட்டுக் கீழே காபி குடித்துக்கொண்டிருக்கும் அந்த ஆள் மீது ஒரு கணம் கோபம்கூட வந்தது.

சர்ஜன் வந்து அவளை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, கழுத்தின் மடிப்பையொட்டிப் பேனாவால் ஒரு கோடு போட்டார். "மடிப்போட மடிப்பா போயிடும்மா. தழும்பு தெரியாது," என்றார். பிறகு ஸ்ட்ரெச்சர் வந்தது. படுத்துக்கொண்டு போகும்போது கட்டடத்துக்கு விட்டம் மட்டும்தான் இருக்கிறது. மங்கலான விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தலைக்கு மேல் கரைந்தன. லிப்ட்டில் யாரோ சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆபரேஷன் அறைக்கு வெளியே, திரை போட்ட ஒரு மூலையில் அவளை நிறுத்திவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். உங்க பேரு சொல்லுங்க. என்ன ஆபரேஷன். எந்தப் பக்கம். "வலது பக்கம்," என்று அவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கையில் ஊசி ஏற்றி ட்ரிப்ஸ் மாட்டினார்கள்.

நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஹால்ல ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தோம்மா. உங்க ஆளுன்னு யாரும் எந்திரிக்கல. டாக்டர் ஆரம்பிக்க மாட்டேன்னுட்டாரு. நல்லவேளை, பழைய பதிவுல நம்பர் இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசியாச்சு. கிளம்பிட்டாராம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, இத்தனை வருஷத்தில் அவர் நம்பரை மாற்றவில்லையா என்றுதான் தோன்றியது.

அவர்கள் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். அந்தக் குழந்தை இல்லாமல் போனபிறகு வீட்டில் பேச்சு மெல்ல மெல்ல வற்றியது. பால் வாங்கணும், லைட் அணைச்சாச்சா, சாவி எங்கே. பிறகு அதுவும் இல்லை. கோர்ட்டில்கூட வக்கீல்களுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்கு மறுபடி கல்யாணமானதும், ஒரு பெண் பிறந்ததும் யார் யார் மூலமாகவோ காதில் விழுந்தது. அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் என்பதும் அப்படித்தான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் என் வீட்டுக்காரர் இல்லை. சொன்னால் ஸ்ட்ரெச்சரைத் திருப்பிவிடுவார்கள். ட்ரிப்ஸைக் கழற்றுவார்கள். வேறொரு தேதி கொடுப்பார்கள், அன்றைக்கும் இதே கேள்வி காத்திருக்கும். அது ஒரு காரணம். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் புரட்டிப் பார்க்கவில்லை.

"சரி," என்றாள்.

ஆள் வந்தாயிற்று என்று கீழிருந்து தகவல் வந்ததும் உள்ளே கொண்டுபோனார்கள். குளிர் எலும்பில் இறங்கியது. மேஜை உடம்பின் அகலம்தான் இருந்தது. யாரோ சூடான போர்வை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார்கள், அதற்காக அழுகை வரப் பார்த்தது. நெஞ்சில் எதையெதையோ ஒட்டினார்கள். கண்ணாடி இல்லாததால் முகமூடி போட்ட முகங்கள் எல்லாம் ஒரே முகமாக இருந்தன. முழங்கையிலிருந்து தோள்வரை ஒரு எரிச்சல் ஏறியது. "நல்லா மூச்சை இழுத்து விடுங்க," என்றது மயக்க மருந்து டாக்டரின் குரல். "உங்களுக்குப் பிடிச்ச இடம் எதையாவது நினைச்சுக்கோங்க." அவள் அப்படி ஒரு இடத்தைத் தேடினாள். வீடு, கடை, பஸ் ஸ்டாப். தேடிக்கொண்டிருக்கும்போதே

யாரோ அவள் பேரைச் சொல்லிக் கன்னத்தைத் தட்டினார்கள். தொண்டைக்குள் முள் நின்றது. "முடிஞ்சுதும்மா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. எங்க, ஒரு வார்த்தை பேசுங்க பார்க்கலாம்."

எந்த வார்த்தை என்று அவளுக்குத் தெரியவில்லை. "தண்ணி," என்றாள். கதவுக்கு அடியில் மணல் உரசுவதுபோல இருந்தது. ஆனால் வந்தது.

"குரல் இருக்கு," என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். தண்ணீர் கொடுக்கவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டார்கள். அவள் மறுபடி தூங்கிப்போனாள்.

அடுத்த முறை விழித்தபோது அறைக்கு வந்திருந்தாள். ஜன்னலில் சாயங்கால வெளிச்சம். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், கூட்டமும் அவளோடு போய்விட்டது. நாற்காலியில் ஒரு உருவம். முகம் தெரியவில்லை. ஆனால் முழங்கால்களைச் சேர்த்து, இரண்டு கைகளையும் அவற்றுக்கு நடுவே செருகிக்கொண்டு, நெரிசலான பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பதுபோல உட்கார்கிறவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

"முழிச்சுட்டீங்களா?" என்றார்.

அந்த 'ங்க' அவள் நெஞ்சில் வந்து இடித்தது. கல்யாணமான முதல் நாளிலிருந்து அவர் அவளை நீ என்றுதான் கூப்பிட்டார். இப்போது நீ என்று கூப்பிடுவதற்கு வீட்டில் வேறு ஒருத்தி இருக்கிறாள். சரிதான், என்று நினைத்துக்கொண்டாள். முறைப்படி பார்த்தால் அதுதான் சரி.

அவர் எழுந்து இழுப்பறையிலிருந்து பெட்டியை எடுத்தார். கம்மல்களைப் பத்திரமாகத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து நீட்டினார். சட்டையால் துடைக்காதீங்க, கீறல் விழும், என்று கடையில் எல்லோரிடமும் தவறாமல் சொல்கிறவள். இன்றைக்குச் சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். அவர் தடித்திருந்தார். காதோரம் நன்றாக நரைத்திருந்தது. செருப்பில் சேறு.

நர்ஸ் டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். கழுத்தில் ஒட்டியிருந்த கட்டையும், அதிலிருந்து தொங்கிய சிறு குழாயையும் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள். "சார், ரெண்டு நாளைக்கு எந்திரிக்கும்போதெல்லாம் கழுத்துக்குப் பின்னாடி கை குடுத்துத் தூக்கணும். தையல் இழுக்கக் கூடாது. இப்ப தூக்குங்க, பார்க்கறேன்."

அவர் நர்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைப்பவரைப்போலப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிடரிக்கு அடியில் அந்தக் கை வந்தது. சொரசொரப்பான, பழைய, சூடான கை.

"மெதுவா. பார்த்து," என்றார். "நீ அவசரப்படாத."

சொன்ன பிறகு அவருக்குத் தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கை மட்டும் அசையாமல் இருந்தது. ஒரு வாய் தண்ணீர் கண்ணாடித் தூள் மாதிரி இறங்கியது. இன்னொரு வாய். நர்ஸ், "கரெக்ட் சார், இப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை மறுபடி சாய்த்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.

"கீழ, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க," என்றார். "தெரிஞ்சவருன்னு சொன்னேன். அந்தம்மா காதுல வாங்கிக்கவே இல்ல. புருஷன்னு போட்டு வச்சிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்று பக்கத்துக் கட்டில் பெண் அழுதது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டாள்.

"வகுப்பு இல்லையா இன்னிக்கு?" என்றாள். கிசுகிசுப்புதான்.

"பேசாதீங்க. டாக்டர் குரலை அலட்டக் கூடாதுன்னிருக்காரு." பிறகு கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வகுப்புலதான் இருந்தேன். ஒரு பொண்ணு ஓட்டிட்டிருந்தது. புதுசு, இன்னும் மூணாவது கியரே போட்டதில்ல. போன் வந்துச்சு. ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னாங்க, என்ன ஏதுன்னு ஒண்ணும் விளங்கல. நான் ஓட்டலாம்னு இறங்கி டிரைவர் பக்கம் வந்தேன். கை நிக்கல. நீயே ஓட்டும்மான்னுட்டேன். ரெண்டாவது கியர்லயே வந்துச்சு, பாவம். பின்னாடி அத்தனை பேரும் ஹாரன். பஸ்காரன் ஒருத்தன் என்னைப் பார்த்து, நீயெல்லாம் சொல்லிக்குடுக்கிற லட்சணமான்னு கேட்டுட்டுப் போறான்."

அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. பேச்சு முடிந்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய போன் அதிர்ந்தது. எழுந்து கதவுவரை போனாலும் அறை சிறியது. "ம். முழிச்சுட்டாங்க. பேசறாங்க… இல்ல, கூட யாரும் இல்ல… இங்கயே கேன்டீன்ல சாப்பிட்டேன். பாப்பாவைப் படிச்சிட்டுத் தூங்கச் சொல்லு… ம், நீ கேட்டதா சொல்றேன்." வீடு இருக்கிறவரின் குரல் அது. வாக்கியங்களை முடிக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

"கேட்டதா சொல்லச் சொன்னா," என்றார் திரும்பி வந்து.

அவள் தலையசைக்கப் போய், முடியாமல், கையை லேசாக உயர்த்தினாள்.

"கீழ ஹால்ல நாற்காலி எல்லாம் மாத்திட்டாங்க," என்றார். "முன்னாடி மரத்துல இருந்துச்சு."

எந்த முன்னாடி என்று அவள் கேட்கவில்லை. குழாயில் சிவப்பாக ஒரு சொட்டு இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அந்த நம்பரை எடுக்கச் சொல்லிடறேன்," என்றாள் அவள். "இனிமே கூப்பிட மாட்டாங்க."

"சொல்லுங்க," என்றார். பிறகு, "ஒண்ணும் அவசரம் இல்ல. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதாக ஒலிபெருக்கி சொன்னது. நாளைக்குக் கூட்டிப்போக யார் வருகிறார்கள் என்று கேட்டார். வாயாடியின் மகனுக்குக் கட்டுப் போட்டாயிற்று, நாளைக்கு அவனையும் தூக்கிக்கொண்டாவது வந்துவிடுவாள் என்று அவள் சொன்னாள். போனில் வந்திருந்த செய்தி அப்படித்தான் சொன்னது. அவர் தலையாட்டினார். சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார்.

"வண்டி எங்க நிக்குதுன்னுதான் தெரியல. அந்தப் பொண்ணு என்னை வாசல்ல இறக்கிவிட்டுட்டு, அதுவே எங்கயோ நிறுத்திட்டு சாவியைக் குடுத்துட்டுப் போச்சு. பஸ்ல போயிக்கறேன் சார்னு." கதவருகே நின்றார். வரேன் என்று சொல்வதா, வரட்டுமா என்று கேட்பதா என்று அவருக்கு ஒரு தடுமாற்றம் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சொல்லாமல் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனார்.

நர்ஸ் வந்து கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டு, "சார் போயிட்டாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இப்போது ஜன்னல் வழியாகக் கீழே வண்டி நிறுத்துமிடம் முழுக்கத் தெரிந்தது. விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பார்த்தவுடனே அவள் கண்டுபிடித்துவிட்டாள். கோடியில், சுவரோரம், இரண்டு வண்டிகளுக்கான இடத்தைக் குறுக்கே அடைத்துக்கொண்டு, கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகையோடு ஒரு சின்ன வெள்ளைக் கார் கோணலாக நின்றது.

அவர் கட்டடத்தின் நிழலிலிருந்து வெளியே வந்தார். எதிர்ப் பக்கத்து வரிசைக்குப் போனார். ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்தபடி நடந்தார். நின்று, சாவியை உயர்த்தி அழுத்தினார். அவருக்குப் பின்னால், வெகு தூரத்தில், வெள்ளைக் காரின் விளக்குகள் இரண்டு முறை மின்னி அணைந்தன. அவர் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் கண்ணாடி திறக்கிற வகையில்லை. அவள் போனை எடுத்தாள். அந்த நம்பர் போனில் இல்லை, ஆனால் கட்டைவிரலுக்கு அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் போய்க் கடைசி எண்ணுக்கு முன்னால் நின்றது. தொண்டையைச் செருமப் பார்த்தாள். தையல் இழுத்தது.

கீழே அவர் இன்னொரு வரிசைக்குத் திரும்பியிருந்தார். அதுவும் வேறு பக்கம்தான். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, மறுபடி கையைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினார். அவர் முதுகுக்குப் பின்னால், சுவரோரத்தில், மஞ்சள் விளக்குகள் மின்னின, அணைந்தன.